பள்ளத்தூர் வீட்டுச் சுவர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கை நகக்கண்களில் சாம்பல் நிறப் பெயிண்ட். தண்ணீரில் கரைக்கும் பெயிண்ட்தான், காய்வதற்குள் கழுவியிருந்தால் போயிருக்கும். இனித் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவைத்துத் தேய்.

கோடை விடுமுறையில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று இரண்டு மாதம் கழித்துச் சொல்கிறாய். 'பெயிண்டர் வேலைக்கா கடன் வாங்கிக் கனடா அனுப்பினோம்' என்று நான் கேட்பேன் என்று பயந்தாயாம். அம்மா கேட்டாள், மறைப்பானேன். நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

1991 டிசம்பர். அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் எனக்கு இரண்டாம் ஆண்டு. மார்கழி பிறந்துவிட்டால் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வெள்ளையடிக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. பொங்கலுக்குள் எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு பட்டாக வேண்டுமே. விடுதி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்தோம். வெள்ளையடிக்கும் மட்டை நான்கு, இரண்டு வாளி, வாடகைக்கு எடுத்த ஓர் ஏணி, அவ்வளவுதான் எங்கள் முதல். வீடு வீடாய்ப் போய்ப் பேசி வேலை பிடிப்பது என் பொறுப்பு. எனக்கு வாய் ஜாஸ்தி என்பது மற்ற மூவரின் கருத்து.

முதல் மூன்று வீடுகள் நன்றாகவே நடந்தன. முதல் நாளே கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவோம். கொதித்து அடங்கியதும் சாக்கில் வடிகட்டி, வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றி, நீலம் கொஞ்சம் கலக்க வேண்டும். நீலம் கூடினால் காய்ந்த பிறகு சுவர் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். ஒரு வீட்டில் ஆகிவிட்டது. அந்த வீட்டுக்காரர் அதுதான் அழகு என்றார். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

நான்காவது, பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீடு. பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். ஆச்சி மட்டும் இருந்தார். பின்கட்டுக்கும் வெளிச்சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தால் போதும் என்றுதான் அவர் சொன்னார். நான் முகப்பில் நின்றபடியே, உள்ளே முற்றத்தைச் சுற்றியுள்ள வளவை எட்டிப் பார்த்து, "வளவுச் சுவர் மஞ்சளித்துக் கிடக்கிறதே ஆச்சி, டிஸ்டம்பர் அடித்துவிடலாம்" என்றேன். வளவின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்து, எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் என்று ஒரு தொகையைச் சொன்னேன். ஆச்சி சற்று யோசித்து, "சுவரைக் கெடுக்காமல் செய்வீர்களா?" என்று கேட்டார். பேஷாக என்றேன். அந்தச் சுவரை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் வளவில் பிரஷை வைத்ததும் டிஸ்டம்பர் பிடிக்காமல் வழிந்து இறங்கியது. பளிங்கு மாதிரி மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர். உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் பிடிக்கும் என்றான் ஒருவன். தேய்த்தோம். ஒரு கதவகலம் தேய்த்து முடித்த நேரத்தில் கோயிலுக்குப் போயிருந்த ஆச்சி திரும்பி வந்தார்.

சத்தம் போடவில்லை. தேய்த்த இடத்தில் புறங்கையை வைத்தார். பிறகு பக்கத்தில், தேய்க்காத இடத்தில் வைத்தார். "ஈரத்துணியால் துடைத்தால் போதுமே தம்பி, எங்கள் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான்" என்றார். அந்தச் சுவருக்கு எங்கள் டிஸ்டம்பர் தேவையே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு கிழட்டுக் கொத்தனாரை அழைத்துவந்தோம். அவர் சுவரைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. என்னைச் சித்தாளாக வைத்துக்கொண்டார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் முதல் பூச்சு. அடுத்தடுத்த பூச்சுகளுக்குச் சுண்ணாம்பை மேலும் மேலும் நைசாக அரைக்க வேண்டும். அரைத்ததை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால் மறுபடி அம்மிக்குப் போ என்பார். வெண்ணெய் பதம் வரும்வரை விடமாட்டார். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. பிறகு வழவழப்பான கல்லால் மணிக்கணக்காக மெருகேற்றினார். மறுநாள் சுவர் வியர்த்தது. முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும், ஓடவிட்டால் கோடு விழுந்துவிடும் என்று மெல்லிய துணியால் ஒற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். நான்கு நாள் ஒற்றினேன். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு விடும், அதன் மேல் பெயிண்டைப் பூசி மூடினால் உள்ளேயே புழுங்கிக் கொப்புளம் கட்டி உரிந்துவிடும் என்று போகிற போக்கில் சொன்னார். மூன்று வருடம் பௌதிகம் படித்தும் எனக்கு இவ்வளவு தெளிவாக எதையும் யாரும் சொல்லித்தரவில்லை.

ஆச்சி கணக்கு முடித்ததைச் சொல்ல வேண்டும். கொத்தனார் கூலி, சுண்ணாம்பு, முட்டை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கழித்து, மீதி 410 ரூபாயை எண்ணி வைத்தார். முட்டைக் கணக்கில் எட்டணாக்கூட விடவில்லை. அதே கையோடு தூக்குவாளி நிறையக் கந்தரப்பமும் கொடுத்து அனுப்பினார். விடுதியில் அப்பத்தை நான்கு பேரும் தின்றோம். நஷ்டத்தை மட்டும், "பேசியது நீதானே" என்று மூவரும் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம். மூன்று பேர் கூலி போக எனக்கு மிஞ்சியது ஏணி வாடகைப் பாக்கி.

இப்போது உன் விஷயம். அடுத்த கோடையில் உன்னையே மேனேஜராகப் போடுகிறோம், ஒரு வட்டாரம் உனக்கு, பிப்ரவரியிலிருந்து கதவைத் தட்டி வேலை பிடிக்கலாம் என்கிறது உன் பெயிண்ட் நிறுவனம் என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு பில்லிலும் நிறுவனத்துக்கு ஒரு பங்கு போய்விடும், மிச்சத்தில்தான் கூலியும் பெட்ரோலும் என்கிறாய். ஐந்து நாள் என்று நீ மதிப்புப் போட்ட வீடு எட்டு நாள் இழுத்தால் அந்த மூன்று நாள் கூலி யார் தலையில்? உரிந்துபோனால் திரும்ப அடிப்பது யார் செலவில்? இவற்றை எழுத்தில் பார்த்த பிறகு கையெழுத்துப் போடு. உன் படிப்பு அனுமதியில் இப்படித் தொழில் நடத்த இடம் உண்டா என்றும் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் கேட்டுவிடு. கூலிக்குப் பெயிண்ட் அடிப்பது வேறு, வியாபாரம் பண்ணுவது வேறு. வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு செய்.

அந்த மரவீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். உங்கள் மேனேஜர் பையன் தெருவில் நின்றே நான்கு நாள் என்று மதிப்புப் போட்டானாம், சுரண்டுவதற்கே மூன்று நாள் போய்விட்டதாம், மீதியைச் சுரண்டாமல் அதன் மேலேயே பிரைமர் அடிக்கச் சொல்கிறானாம். தெருவில் நின்று மதிப்புப் போட்டவன் என்றதும் எனக்கு என் வாய்தான் ஞாபகம் வந்தது. அவனிடம் சொல். வீட்டுக்காரரிடம் போவதற்கு முன் அவனிடமே நேராகச் சொல். உரிந்து நிற்கும் பெயிண்டின் மேல் எதை அடித்தாலும் அதுவும் சேர்ந்தே உரியும். பயந்துபோயிருப்பான், அவ்வளவுதான். நானும் பயந்துபோய்த்தான் உப்புத்தாளைக் கையில் எடுத்தேன்.

இன்னொன்று, இதில் சமரசமே கூடாது. அந்த வீடு 1920-களில் கட்டியது என்கிறாய். 1960-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்க வாய்ப்பு அதிகம் என்று கனடா சுகாதாரத் துறையே சொல்கிறது. சோதித்துப் பார்த்தார்களா என்று கேள். சோதிக்காமல் உலர்ந்த பெயிண்டைச் சுரண்டாதே, தூசி பறக்கவிடாதே. சாதாரணத் துணி முகக்கவசம் அதற்குப் போதாது. அதற்காக வேலை போனால் போகட்டும், ஊருக்குப் போன் போடு.

போன தை மாதம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஆச்சி காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. வீடு பூட்டிக் கிடக்கிறது. காவலாளியிடம் கேட்டு உள்ளே போனேன். காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி போய் நின்றபோது சாய்ந்த வெயிலில் அந்தக் கதவகலம் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி என்னவோ இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். நீ ஏணியில் நிற்கும் படத்தில் கீழே பிடித்துக்கொள்ள ஆளைக் காணோமாம். எனக்கோ ஏணி சுவரை ஒட்டிச் செங்குத்தாக நிற்பதாகப் படுகிறது. நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். நாளை வேலைக்குப் போனதும் ஏணியை மட்டும் பக்கவாட்டில் நின்று படம் எடுத்து அனுப்பு. பார்க்கிறவரை இவள் என்னைத் தூங்க விடமாட்டாள்.

அன்புடன்,
அப்பா