மேடை ஏறும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் முதல் மேஜிக் நிகழ்ச்சிக்கு வால் வைத்த கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அம்மா.

பிரெஞ்சு மேஜிக் கலைஞர் ராபர்ட் ஊடன் 1845-இல் பாரிஸில் தன் அரங்கைத் திறந்த காலத்தில், வித்தைக்காரர் பலர் நீண்ட அங்கியும் கூம்புத் தொப்பியுமாக மேடையேறினார்கள். அவர் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எதிரே அமர்ந்திருந்த கனவான்கள் மாலையில் உடுத்துகிற அதே உடையில் வந்து நின்றார். அவர்களில் ஒருவராகத் தெரிந்ததுதான் அந்த உடையின் பலம். இன்று அதையே நீ போட்டால், 'உள்ளே ஏதோ ஒளித்திருக்கிறாள்' என்றுதான் கண்கள் தேடும். நம் நாட்டு மேஜிக் கலைஞர் பி. சி. சர்க்கார் மகாராஜாவைப் போல் தலைப்பாகையோடு மேடையேறினார். அவருடைய பிரம்மாண்டமான காட்சிகளுக்கு அது பொருந்தியது. நீயோ சீட்டும் நாணயமும் வைத்துக்கொண்டு, பேசிப் பேசி வித்தை காட்டுகிறவள். வந்திருப்பவர்களைவிட ஒரு படி கூடுதலாக உடுத்து, அது போதும்.

பையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆண்களின் கோட்டில் உள்ளும் புறமும் பைகள் இருப்பதால், பல வித்தைகள் அவற்றை நம்பியே அமைந்திருக்கின்றன. பெண்களுக்கான உடையில் பை இருந்தாலும் இரண்டு விரல் நுழையாது. ஆகவே உன் மேலங்கியை நானே தைக்கிறேன். கையை இயல்பாகத் தொங்கவிடும்போது விரல் நுனி படுகிற இடத்தில் பையின் வாய் வர வேண்டும். வாய் ஓரத்துக்குள் கெட்டித் துணி கொடுத்தால், அது எப்போதும் சற்றே திறந்து நிற்கும். விரல் தடவித் தேட வேண்டியிருக்காது. நாணயங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடாதபடி உள்ளே ஒரு தடுப்பும் வைக்கிறேன்.

நிறம், கோடோ பூவோ இல்லாத அடர் நீலமாக இருக்கட்டும். வெள்ளைச் சீட்டு அதன் முன்னால் பளிச்சென்று தெரியும். ஜிகினா வேண்டவே வேண்டாம். விளக்கு பட்டால் அதுதான் மின்னும், உன் கையை யார் பார்ப்பார்கள்? பட்டுக் கைக்குட்டையும் அதில் மாட்டிக்கொள்ளும். மேலங்கியின் கை முழங்கையோடு நிற்கட்டும். எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கையின் மடிப்பைத்தான்; அந்தச் சந்தேகத்துக்கே இடம் தராதே. வளையலைக் கழற்றிவிடு. மேஜைக்கு அருகில் காட்டும் நாளில் நகத்தையும் கவனி, ஒரு முழ தூரத்தில் உன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தைத்து வந்ததும் அலமாரியில் மாட்டிவைக்காதே. ஒத்திகை முழுவதையும் அதைப் போட்டுக்கொண்டே செய். கையைத் தூக்கினால் மேலங்கியும் தூக்கும், பை இடம் மாறும். குனிந்தால் உள்ளிருப்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். பழைய சட்டையில் பழகிய கை, புது உடையில் தடுமாறத்தான் செய்யும். எங்கே இழுக்கிறது, எங்கே தடுக்கிறது என்று குறித்து அனுப்பு, பிரித்துத் தைத்துத் தருகிறேன்.

தோள் அகலம், தோளிலிருந்து முழங்கை, தோளிலிருந்து விரல் நுனி, மூன்று அளவுகளும் இந்த வாரமே வேண்டும். நிகழ்ச்சியன்று போடப்போகும் செருப்போடு நின்று, தோளிலிருந்து தரை வரையும் அளந்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா