முன்னேற்ற அறிக்கையில் ஓர் எண்: மருமகளுக்குக் கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

தரம் மூன்றுப் பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கையில் கணிதத்துக்கு ஒரேயொரு எண்ணை இட மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதை இடாதே என்று சொல்ல ஓய்வுபெற்ற எனக்கு அதிகாரமில்லை; ஆனால் அதனுடன் இன்னொரு தாளையும் இணைத்துக் கொடு என்பேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் தைமாத வெள்ளம் வடியும்வரை பள்ளிக்கு வராத அந்தப் பையனையே எடுத்துக்கொள்வோம். கழித்தலில் முதலில் 30, பின்னர் 45, கடைசியில் 90 புள்ளிகள் பெற்றான், சராசரி 55. இன்று கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறாத பிள்ளையை, அவன் வராத நாட்களுக்காகத் தவணை முடியும்வரை தண்டிக்கும் கணக்கு அது. அதே பிள்ளைக்கு மணிக்கூட்டில் நேரம் சொல்லத் தெரியாது என்பதையும் அந்த எண் மறைத்துவிடுகிறது. கொப்பிக்கு உறை போடாததற்குக் கணிதப் புள்ளியில் ஐந்தைக் குறைத்தவன் நான் என்பதையும் வெட்கத்துடன் சொல்லிவைக்கிறேன். ஒழுங்கைப் பற்றி எழுதவேண்டுமானால் அதற்கென்று தனி வரி இருக்கட்டும்.

இது புதிய கதையன்று. 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து 1999இல் இலங்கையெங்கும் முதலாந் தரத்துக்கு வந்த பாடத்திட்டமே தேர்ச்சிகளை, அதாவது பிள்ளை செய்துகாட்டவேண்டிய திறன்களை, அடிப்படையாகக் கொண்டதுதான். பாடத்திட்டம் மாறிய வேகத்தில் எங்கள் புள்ளிக் கொப்பிகள் மாறவில்லை.

ஆகவே நான் சொன்ன அந்தத் தாளில் ஒவ்வொரு தேர்ச்சிக்கும் ஒரு நிரல் வரைந்து, "உதவியின்றிச் செய்கிறார்", "உதவியுடன் செய்கிறார்", "இன்னும் பழகவேண்டும்" என்ற மூன்றில் ஒன்றைத் திகதியுடன் பென்சிலால் குறித்துவை. பிள்ளை முன்னேறும்போது பழையதை அழித்துவிடலாம். எது போதும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்: வெவ்வேறு இரண்டு நாட்களில் ஐந்து கணக்குகளில் நான்கு சரியாக வந்தால் போதும் என்பது என் அளவு. அந்த அளவை வகுப்பிலுள்ள எல்லோரும் எட்டினாலும் தவறில்லை.

"வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்று தாய்மார் கேட்பார்கள், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையையும் இழுப்பார்கள். 200 புள்ளிகளும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் கொண்ட அந்தப் பரீட்சை பிள்ளைகளைத் தெரிவுசெய்வதற்கானது. நாளை காலை யாருக்கு எதைக் கற்பிப்பது என்பதை அது உனக்குச் சொல்லாது. கோபிக்காமல் தாளைக் காட்டி, வீட்டில் மணிக்கூட்டைப் பார்த்துப் பழக்கும்படி அந்தப் பையனின் தாயிடம் கேட்டுக்கொள்.

மணிக்கூட்டுக்கான நிரலை எப்படிப் பிரித்தாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அரை மணியையும் கால் மணியையும் ஒரே நிரலில் போட்டு நான் ஒரு வருடம் முழுவதும் குழம்பியிருக்கிறேன்.

அன்புடன்,
மாமா
மட்டக்களப்பு