எல்மினாவிலிருந்து அம்மா

அன்பு மகனுக்கு,

"அந்தக் காட்டில் இன்னும் எத்தனை நாள்?" என்று அப்பாவிடம் கேட்டாயாமே. இது காடல்ல, கானாவின் கடற்கரை ஊர். உப்பளம், தோணி, தெருவெல்லாம் மீன் வாடை. தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு இதில் மிரள என்ன இருக்கிறது?

1637இல் இங்குள்ள கோட்டையைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடுங்கிய டச்சுக்காரர்கள்தான் 1658இல் நம் ஊரையும் பிடித்தார்கள். அங்கே முத்தின்மேல் கண். இங்கே மனிதர்களையே விற்றார்கள். பெண்களை அடைத்துவைத்த நிலவறைக்குள் ஒருமுறை போனேன். மூச்சு முட்டியது. இனி விருந்தாளி யார் வந்தாலும் அப்பாதான் கூட்டிப்போக வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் பெனியா காயல் ஓரம். தோணி உள்ளே வந்ததும் மீனெல்லாம் பெண்கள் கைக்குப் போய்விடும். விலை பேசுவது, புகை போடுவது, அடுத்த நடைக்குத் தோணிக்காரருக்கு முன்பணம் கொடுப்பது எல்லாம் அவர்கள்தான். நான் சாளை வாங்கும் அக்காவிடம் நலம் விசாரிக்காமல் விலை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காசை இடது கையால் நீட்டினால் வாங்கவே மாட்டாள். அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்பதால் என்னை எஃபுவா என்றே கூப்பிடுகிறாள். செவ்வாய் கடல் தெய்வத்தின் நாள். அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. நம் வீட்டில் பருப்புக் குழம்பு.

உன் அப்பா இட்லி கேட்பதையே விட்டுவிட்டார். புளித்த சோள மாவை வாழையிலையில் பொதிந்து அவித்த கெங்கி, தொட்டுக்கொள்ளக் கருகருவென்று ஷிட்டோ. மிளகாயும் கருவாட்டுப் பொடியும் எண்ணெயில் வதங்கிய காரம் அது. கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிடுகிறார்.

மின்சாரம் போகிறது. பேச ஆளில்லாத மாலைகளும் உண்டு. பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அப்பாவின் ஒப்பந்தம் முடியும்வரை இங்கேதான். எங்களை நினைத்துப் புலம்பாமல் நீ ஒருமுறை வந்து பார். டிசம்பர் வேண்டாம், சஹாராப் புழுதி வீட்டுக்குள் வந்துவிடும். ஜூலை முதல் செவ்வாய்க்கிழமை பக்காத்துவே திருவிழா; காயலில் வலை வீசி மீன்பிடிப்பைத் தொடங்கிவைப்பார்கள். அதற்கு வா. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள். சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். உளுந்து இரண்டு கிலோ, பெருங்காயம், பெரியம்மா வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய். ஊறுகாயை இறுக்கிக் கட்டு, சட்டையெல்லாம் எண்ணெயாகிவிடும்.

அன்புடன்,
அம்மா