பழைய கணினியிலும் இசை அமைக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வீட்டில் இசை அமைக்க விலையுயர்ந்த கணினி இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், கழித்துப்போட்ட உதிரிபாகங்களைக் கொண்டே இசைக்கான கணினி ஒன்றை அமைத்துக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மின்னிசைக் கருவிகளையும் கணினியையும் இணைக்க 1983இல் அறிமுகமான மிடி (MIDI) முறை ஒலியை அனுப்புவதே இல்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விடுவது என்ற குறிப்புகளை மட்டுமே நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் அனுப்புகிறது. அதற்குப் பெரிய கணினி தேவையில்லை; அரை மெகாபைட் நினைவகத்துடன் 1985இல் வெளிவந்த அட்டாரி 520எஸ்டி கணினியிலேயே இதற்கான இணைப்புகள் இருந்தன.

எனக்குக் கிடைத்தது ஓர் அலுவலகம் வேண்டாமென்று ஒதுக்கிய மேசைக்கணினி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்தியதும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியதும் ஒரு மாலை வேலை. கணினியுடன் இணைத்த இசைப்பலகையின் கட்டையை அழுத்தினால் ஒலி பிந்தி வந்ததுதான் பெரும் தலைவலி. கணினியே பழசு என்று அதன்மேல் பழி போட்டேன். உண்மையில், ஒலி அமைப்பில் பஃபர், அதாவது ஒலியை வெளியிடுமுன் சேர்த்துவைக்கும் இடைநினைவகம், 1,024 ஒலி மாதிரிகளாக இருந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் அது மட்டுமே சுமார் 23 மில்லிநொடித் தாமதம். அதை 256 ஆக்கியதும் 6 மில்லிநொடிக்குள் வந்துவிட்டது. அதற்கும் கீழே குறைத்தபோது ஒலி படபடவென்று உடைந்தது.

மின்வழங்கியை (பவர் சப்ளை) மட்டும் பழையதில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எனக்குக் கிடைத்ததில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்கள் இரண்டு பழுதாகித் தலை உப்பியிருந்தன. ஒலிபெருக்கியில் ஓயாத இரைச்சல் வேறு. புதிய மின்வழங்கியை மாட்டிய பிறகே அது அடங்கியது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்