எலக்ட்ரிக் கார் விற்பவர்களே, முதலில் எங்களைக் கேளுங்கள்

எலக்ட்ரிக் கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், ஷோரூமில் நின்று அதை விற்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். மூன்று வருடமாக எலக்ட்ரிக் கார் ஓட்டுகிறேன். தெரிந்தவர்கள் யாராவது வாங்க நினைத்தால் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். போன மாதம் அக்காவோடு ஒரு ஷோரூமுக்குப் போனேன்.

அங்கிருந்த தம்பி நன்றாகத்தான் பேசினார். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி, திரை எத்தனை அங்குலம், கதவுப் பிடி எப்படித் தானாக வெளியே வரும் என்று இருபது நிமிடம் சொன்னார். அக்காவுக்கு முழங்கால் தேய்மானம். தினமும் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து, வீடு வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். "இதுல கிளட்ச் கிடையாதா தம்பி?" என்று கேட்டாள். "கிடையாது மேடம்" என்று ஒரே வார்த்தை. மறுபடியும் நொடிக்கணக்கு.

ஓட்டிப் பார்த்தபோதுதான் அவள் முகம் மாறியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினாள். வண்டி தானாகவே மெதுவானது. அந்த நேரத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக வேலை செய்து பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. சிக்னல் வரும்வரை பிரேக் பக்கம் கால் போகவே இல்லை. ஆட்டோமேட்டிக் பெட்ரோல் காரிலும் கிளட்ச் இல்லைதான். ஆனால் நெரிசலில் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் கால் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். "ஒரு கால் சும்மாவேதான்டா இருக்கு" என்றாள். இதை ஏன் உங்கள் ஆள் முதலில் சொல்லவில்லை?

உடம்பை வருத்தாத கார் என்ற இந்த ஈர்ப்பு நூறு வருடப் பழையது. 1900களின் தொடக்கத்தில் பெட்ரோல் காரைக் கிளப்ப, முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் கை உடையும். நகரத்துப் பெண்களும் நோயாளி வீடுகளுக்குப் போகும் டாக்டர்களும் மின்சாரக் காரை விரும்பியதற்கு இது முக்கியக் காரணம். பெட்ரோல் கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலக்ட்ரிக் காரைத்தான் ஓட்டினார். 1912 கேடிலாக் பெட்ரோல் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்த பிறகு அந்த ஈர்ப்பு மெல்லக் கரைந்துபோனது.

வேகம் பிடித்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையும் கிடைப்பது தனி சுகம். 2008ல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் என்ற எலக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார் அவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அவர்களுக்கு நீங்கள் ஏற்கெனவே நன்றாகவே விற்கிறீர்கள்.

டாக்சி ஓட்டுபவரின் கணக்கு வேறு. கிலோமீட்டருக்கு என்ன செலவு, எத்தனை நிமிடம் வண்டி சும்மா நிற்கும் என்பதே அவருக்கு முக்கியம். ஃபாஸ்ட் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும், அதோடு கிளம்புவதுதான் லாபம் என்று அவரிடம் சொல்லுங்கள். சுற்றுச்சூழலுக்காக வருபவர் பேட்டரியில் சேரும் கோபால்ட் என்ற உலோகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார். நழுவாதீர்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. பேட்டரி தயாரிப்பில் கூடுதல் புகை உண்டு, அது ஓட்ட ஓட்டத்தான் ஈடாகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் ஓடிவிட மாட்டார், இன்னும் நம்புவார். செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்கு ஒரே ஒரு எண் போதும்: பேட்டரி இப்போது எத்தனை சதவீதம் ஆரோக்கியமாக இருக்கிறது. அதை எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம், சார்ஜிங். எனக்கு வீட்டு வாசலிலேயே பிளக் இருக்கிறது. ராத்திரி மாட்டிவிட்டுத் தூங்கிவிடுவேன், பங்க் பக்கமே போவதில்லை. எனக்கு இந்தக் காரின் பெரிய சுகமே அதுதான். அக்கா இருப்பது அடுக்குமாடி, பொது பார்க்கிங். அதைச் சொன்னதும் உங்கள் தம்பி, "எல்லா இடத்திலும் சார்ஜர் வந்தாச்சு மேடம்" என்று முடித்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் லைன் இழுக்க யாரிடம் அனுமதி கேட்பது, மீட்டர் யார் பெயரில் இருக்கும், உங்கள் ஆட்கள் வந்து பார்ப்பார்களா? ஒன்றுக்கும் பதில் இல்லை.

அக்கா இன்னும் வாங்கவில்லை. இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை வேறொரு ஷோரூமுக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
எலக்ட்ரிக் காரை மனதார நேசிக்கும் ஒருவன்