மெம்பிஸ் தொழிலாளர்களின் வாரிசுகளுக்கும் இழப்பீடு

அமெரிக்கக் கருப்பின மக்களுக்கான இழப்பீடு குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த தலையங்கம், அடிமை முறைக் காலத்தோடு நின்றுவிட்டது. தீர்க்கப்படாத கடன் அதற்குப் பின்னரும் உண்டு. 1968 பிப்ரவரி 1 அன்று, மெம்பிஸ் நகரில் மழைக்காகக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு துப்புரவுத் தொழிலாளர்கள், குப்பையை அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி நசுங்கி இறந்தனர். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகே சங்கத்துக்கு அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கிடைத்தன. ஆனால் நகராட்சி ஓய்வூதியம் இல்லாததால் சிலர் எண்பது வயதிலும் வேலையை விட முடியவில்லை. 2017இல்தான், உயிரோடு எஞ்சியிருந்த 14 பேருக்குத் தலா 50,000 டாலர் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது 70,000 ஆனது. காத்திருந்து இறந்தவர்களின் குடும்பங்களுக்கு என்ன பதில்?

பணி நிமித்தம் மெம்பிஸ் சென்றபோது, போராட்டக்காரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவுச் சுவரைப் பார்த்தேன். ஒரு மூதாட்டி ஒரு பெயரை விரலால் தடவியபடி வெகுநேரம் நின்றிருந்தார். கல்லில் பெயர் வெட்டிய நகரம், அந்த ஒவ்வொரு பெயருக்கும் உரிய ஓய்வூதிய இழப்பைக் கணக்கிட்டு வாரிசுகளுக்கு வழங்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் குழுவில் சங்கப் பிரதிநிதிகளும் குடும்பத்தினரும் இடம்பெற வேண்டும்.

- வாசகர், திருச்சி