கல்யாணப் பேச்சு இப்போது வேண்டாம்

கோபி

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் குறைவில்லாமல் வருகிறது, நடவும் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடுவதாயில்லை.

உன் அக்கா பையனைப் பற்றி எழுதியிருந்தது மனசைப் போட்டு அறுக்கிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் குவாட்டரோடு மாத்திரையும் போடுகிறான், காலையில் சொன்னது சாயங்காலம் நினைப்பில்லை, வேலையில் துணி கட்டிங்கில் அளவு மாறி ஒரு லாட்டே வீணாகிவிட்டது, கேட்டதற்கு இஞ்ச் டேப்பை வீசி எறிந்தான் என்கிறாய். மாமா அதைத் திமிர் என்கிறார். தையில் ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்பது அக்கா கணக்கு. மெடிக்கல் கடையில் இத்தனை வருஷம் நின்றவன் சொல்கிறேன், அந்தப் பேச்சை முதலில் நிறுத்து. இது திமிர் இல்லை மாப்ள, மூளையில் பட்ட அடி.

சரக்கு மூளையின் வேகத்தை மட்டுப்படுத்தும். தூக்க மாத்திரையும் அதையேதான் செய்யும். டிரமடால், டேபென்டடால் மாதிரி வலி மாத்திரைகள் மூச்சை நடத்தும் இடத்தையே அமுக்கிவிடும். சேர்த்துப் போட்டால் ஆள் அசந்து தூங்குவது போலத்தான் தெரியும், உள்ளே மூச்சு மேலோட்டமாகி ஆக்ஸிஜன் குறையும். சில பேர் அப்படியே போய்விடுகிறார்கள். பிழைத்து எழுகிறவனுக்கும் சேதம் இல்லாமல் இல்லை. ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு, புது விஷயங்களை நினைவில் பதிய வைப்பது அதுதான். ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் அடிபடுகிறவற்றில் அதுவும் ஒன்று. சொன்னது நினைப்பில்லை என்று அவன் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

கோபத்துக்கும் காரணம் உண்டு. ஒரு சொல்லை வாயிலேயே நிறுத்தவும் ஓங்கிய கையை இறக்கவும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி வேண்டும். அது முழுசாக முதிரவே ஏறத்தாழ 25 வயதாகும். இவனுக்கு 22. வளர்ந்துகொண்டிருக்கும்போதே அதைக் கெடுக்கிறான்.

டிரமடாலைச் சரக்கோடு போட்டால் வலிப்பு வரும் ஆபத்தும் இருக்கிறது. 2018-ல் அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் சீட்டில்லாமல் கேட்டு என் கடைக்கு வருகிற பையன்கள் நிற்கவில்லை, எல்லாம் மீசை அரும்புகிற வயசு. திருப்பி அனுப்பிவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்காது. கஞ்சாவும் உண்டா என்று அவனிடம் மெதுவாகக் கேட்டுப் பார். குடியோடு சேர்ந்தால் அதன் போதைப் பொருள் ரத்தத்தில் இன்னும் கூடும். சின்ன வயசில் தொடர்ந்து இழுத்தால் மனநோய் வரும் வாய்ப்பும் அதிகமாகிறது.

அப்புறம் ஒன்று, ரொம்ப முக்கியம். அறையில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். தினமும் குடித்துத் தூக்க மாத்திரையும் போட்டுப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் வலிப்பிலும் சித்தப்பிரமையிலும் கொண்டுபோய் விடும். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குடிக்கிறவர்களுக்கு பி1 வைட்டமினும் குறைந்துபோகும், அது நினைவாற்றலை நிரந்தரமாகவே கெடுத்துவிடும். அதனால் ஊசியும் போடுவார்கள்.

அக்காவிடம் சொல், மூளை பெரும்பாலும் தேறிவரும். நிறுத்தி சில மாதத்தில் நினைவும் நிதானமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதை நானே இங்கே பார்த்திருக்கிறேன். எல்லாமே திரும்பும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நிலைமையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அவன் கையில் பிடித்துக் கொடுப்பது பெரிய பாவம்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போ. அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14446-க்கு அடி, போதை மீட்புக்கான இலவச எண். திங்கட்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நானும் வருகிறேன். அவன் சட்டைப் பையிலும் வண்டி சீட்டுக்கு அடியிலும் காலி மாத்திரை அட்டை கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதே. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அன்புடன்,
உன் கோபி சினேகிதன்